லூசெர்ன் கவுண்டி வழக்கு: பணம் வாங்கிய நீதிபதிகள் சரி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள்?

மருதன்

2024 டிசம்பர் 12 அன்று அமெரிக்க அதிபர் பைடன் ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒரே நாளில் தண்டனையைக் குறைத்தார். பட்டியலில் மைக்கேல் கோனஹன் பெயரைப் பார்த்ததும் பென்சில்வேனியா கொதித்துப்போனது. அந்த மாநில ஆளுநர் ஜோஷ் ஷபிரோ பைடனின் கட்சிக்காரர்தான். அவரே இது தவறான முடிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் இந்தக் கோனஹன் என்று வேறொரு இழையில் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே இரண்டு வரியில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் தனி இழை.

பென்சில்வேனியாவின் வடகிழக்கில் இருக்கிறது லூசெர்ன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. தலைமையிடம் வில்க்ஸ்-பாரி. கவுண்டி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கோனஹன். சிறார் வழக்குகளைப் பார்த்தவர் மார்க் சியாவரெல்லா. கவுண்டிக்குச் சொந்தமாகப் பழைய சிறார் காவல் இல்லம் ஒன்று இருந்தது, நம் ஊர்க் கூர்நோக்கு இல்லம் மாதிரி. அது பாழடைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று பேச்சைக் கிளப்பினார்கள். புதியதைக் கட்டியவர் ராபர்ட் மெரிகல் என்ற கட்டுமான அதிபர். அதன் உரிமையாளர்களில் ஒருவர் ராபர்ட் பவல் என்ற வக்கீல். இல்லத்தின் பெயர் பி.ஏ. சைல்ட் கேர்.

2002 ஜனவரியில் கோனஹன் ஓர் உத்தரவாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். கவுண்டியின் பிள்ளைகள் இந்த இல்லத்துக்கு வருவார்கள், ஆண்டு வாடகை 13,14,000 டாலர். அப்போது கட்டடம் திறக்கப்படவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அரசு இல்லத்துக்கான ஒதுக்கீட்டை வரவுசெலவுத் திட்டத்திலிருந்து எடுக்கிறார். பழைய இல்லம் மூடப்படுகிறது. அடுத்த மாதம், 2003 ஜனவரியில், மெரிகலிடமிருந்து 9,97,600 டாலர் கைமாறி இரண்டு நீதிபதிகளிடமும் வந்து சேர்கிறது. 2004-இல் கவுண்டி அதே இல்லத்தை 20 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது, மதிப்பு சுமார் 5.8 கோடி டாலர். பிறகு பட்லர் கவுண்டியில் இன்னொரு இல்லம் முளைக்கிறது. மொத்தத்தில் நீதிபதிகளுக்குப் போன பணம் 28 லட்சம் டாலர் வரை. ஃபுளோரிடாவின் ஜுபிட்டரில் கடலோரக் குடியிருப்பு ஒன்றை இவர்களுடைய மனைவிமார் பெயரில் இருந்த நிறுவனம் வாங்கியது. அதற்கு வாடகை என்று கணக்குக் காட்டிப் பவல் பணம் அனுப்பினார். கொஞ்சம் பணம் ஃபெடெக்ஸ் பெட்டியில் ரொக்கமாகவும் போனது.

இதெல்லாம் பணக் கணக்கு. என் தூக்கத்தைக் கெடுப்பது பிள்ளைகளின் கணக்கு.

2007-இல் ஒரு மாணவி தன் பள்ளியின் உதவித் தலைமையாசிரியரைக் கேலி செய்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். இது வெறும் விளையாட்டு என்று அடியில் அவளே எழுதியும் இருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், அதுவரை எந்த வம்புக்கும் போனதில்லை. சியாவரெல்லா முன்னால் வக்கீல் இல்லாமல் நின்றாள். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று மாதம். பெற்றவர் கண்ணெதிரே கைவிலங்கு மாட்டி அழைத்துப்போனார்கள். இப்படி ஆயிரக்கணக்கில். பள்ளி வளாகத்தில் சிகரெட் பிடித்தது, வகுப்புக்கு வராதது, சாலையைக் கண்ட இடத்தில் கடந்தது, இவையெல்லாம் அங்கே பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கிற குற்றங்கள். 2002 முதல் 2006 வரை மாநிலம் முழுக்கப் பத்தில் ஒரு பிள்ளையை அடைத்தார்கள் என்றால், சியாவரெல்லா நாலில் ஒன்றை அடைத்தார்.

நான் கேட்க வந்தது இதுதான். நீதிமன்ற அறை காலியாக இல்லை. அரசுத் தரப்பு வக்கீல் இருந்தார். அரசு செலவில் வாதாடும் வக்கீல்கள் இருந்தார்கள். நன்னடத்தை அலுவலர், எழுத்தர், காவலர், பள்ளியிலிருந்து வந்தவர் எல்லோரும் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தினமும் பார்த்தார்கள். இவர்களில் ஒருவருக்குக்கூடப் பவல் கொடுத்த பணத்தில் பங்கில்லை. பின்னே ஏன் வாய் திறக்கவில்லை?

திருப்பூர் செந்தில்

மருதன், நான் தங்கும் விடுதி நடத்துறவன். என் தொழில் கண்ணோடு பார்த்தா இதுல ஒண்ணு பளிச்சுனு தெரியுது. ரூம் காலியா கிடந்தாலும் வாட்ச்மேன் சம்பளம், கரண்டு, பேங்க் வட்டி எதுவும் குறையாது. அதனால ஆள் நிரப்புறதுதான் எங்க உயிர். ஏஜென்ட், விளம்பரம், டிரைவருக்குக் கமிஷன்னு அதுக்காக என்னென்னவோ செய்வோம். ஆனா எங்க ரூமுக்கு வர்றவன் தானா வர்றான், பிடிக்கலைன்னா பையைத் தூக்கிட்டுப் போறான். அங்க ஆளை அனுப்புறது நீதிபதி, வந்தவன் போக முடியாது, காசு கட்டுறது வரி கட்டுற ஜனம். எதிர்க்க வாய்ப்பே இல்லாத வாடிக்கையாளர். இந்த ஏற்பாட்டுல யாரை உட்கார வெச்சாலும் கெட்டுப்போவான்னு தோணுது. தனியார் சிறைங்கிற எண்ணமே தப்பு.

கல்பாக்கம் சுந்தரம்

செந்தில் தம்பி, அவ்வளவு அவசரம் வேண்டாம். மருதன் சொன்ன தகவல்களில் பிழை இல்லை, ஆனால் முடிவுக்குத் தாவுகிறோம்.

சியாவரெல்லா 1996 முதலே சிறார் நீதிபதி. தனியார் இல்லம் வந்தது 2003-இல். அதற்கு முன்பும் அவர் கடுமைக்குப் பெயர் போனவர்தான். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, சின்னத் தப்புக்கும் பெரிய தண்டனை என்பதை அமெரிக்கப் பெற்றோர்களே விரும்பினார்கள். அங்கே நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்தாண்டு முடிந்து 2005-இல் இவர் மறுபடி மக்களிடம் போனார், நீடிக்கச் சொல்லித்தான் ஓட்டு விழுந்தது.

இன்னொன்று. 2011 பிப்ரவரியில் ஜூரி 39 குற்றச்சாட்டுகளில் 12-இல் மட்டுமே அவரைக் குற்றவாளி என்றது. அவை முக்கியமாக அந்த 9,97,600 டாலரைச் சுற்றியவை. பவலை மிரட்டிப் பணம் பறித்தார் என்பதை ஜூரி ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு எந்தப் பிள்ளையையும் அடைக்கவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். மெரிகலும், இடம் பிடித்துக் கொடுத்ததற்கான தரகு, எங்கள் தொழிலில் வழக்கம்தான் என்றார். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை பேசியதுபோல எழுதுவது நீதிமன்றத்தில் நிரூபணமானதை மீறிய பேச்சு, அவ்வளவுதான்.

மதுரை பாரி

வழக்கறிஞனாகச் சொல்கிறேன். சுந்தரம் ஐயா சொன்ன ஜூரி தீர்ப்பு விவரம் சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கிற பொருள் சரியில்லை.

ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட தொகை என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. ஓர் இல்லத்திடமிருந்து நீதிபதிக்கு மறைவாகப் பணம் வருகிறது. அந்த இல்லத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பலாமா என்று முடிவு செய்யும் இடத்தில் அவரே உட்கார்ந்திருக்கிறார், பணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்த நொடியிலேயே அந்த விசாரணை செத்துப்போகிறது. பிள்ளை குற்றம் செய்ததா, தண்டனை பொருத்தமா என்ற கேள்விகளுக்கே அப்புறம் இடமில்லை. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பார்த்தது. ஆர்தர் கிரிம் என்ற மூத்த நீதிபதியை வைத்து ஆய்வு செய்து, 2009 அக்டோபர் 29 அன்று, 2003 ஜனவரி 1 முதல் 2008 மே 31 வரை சியாவரெல்லா கொடுத்த சிறார் தீர்ப்புகளைக் கிட்டத்தட்ட முழுமையாக ரத்து செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கடுமையான தண்டனை எது, காசுக்கான தண்டனை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதால்தான் மொத்தமாகத் துடைத்தார்கள்.

கடுமை அவருடைய இயல்பு என்கிறீர்கள் ஐயா. அந்த இயல்பு யாருக்கு உதவும் என்று பவலுக்கும் மெரிகலுக்கும் தெரிந்திருந்தது. வளைந்துகொடுக்கிற நீதிபதியைத் தேடி அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை.

இப்போது மருதன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை 1967-இல் கால்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவனைத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று சொல்லி 21 வயதுவரை அடைக்க உத்தரவிட்டிருந்தார்கள், அந்த வழக்கு. ஆக லூசெர்ன் விவகாரத்துக்கு முப்பத்தைந்து ஆண்டு முன்பே சட்டம் தெளிவு. சியாவரெல்லாவுக்கு அது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1999-இல் 13 வயதுப் பையன் ஒருவனை வக்கீல் இல்லாமல் விசாரித்து அடைத்தார், 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அப்போது சொன்னவர் அவர்.

அப்புறம் எப்படி நடந்தது? விசாரணைக்கு முன்னால் வராந்தாவிலேயே ஒரு தாளை நீட்டுவார்கள். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்து. பெற்றோர் என்ன ஏது என்று புரியாமல் போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையிடம் நீதிபதியே நேரில் கேட்டு, அதன் விளைவு புரிகிறதா என்று உறுதி செய்து, அதைப் பதிவிலும் ஏற்ற வேண்டும் என்று மாநில விதி 2005-இல் வந்தது. அவர் கேட்கவே இல்லை. லூசெர்னில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வக்கீல் இல்லாமல் நின்றார்கள். மாநிலம் முழுக்கப் பார்த்தால் அது நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறாது. எதிரே உட்கார்ந்திருந்த அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, விதிப்படி கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவருடைய கடமை. நீதி கிடைக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பு வெறும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குரியதல்ல.

ஸ்க்ரான்டன் ராகவி

இந்த இழையைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. லூசெர்னுக்குப் பக்கத்துக் கவுண்டியில்தான் குடியிருக்கிறோம். நாங்கள் வந்தபோது வழக்கெல்லாம் முடிந்திருந்தது, ஆனால் ஊரில் அந்தப் பேச்சு ஓயவில்லை. சியாவரெல்லா பெயரைச் சொன்னாலே முகம் மாறிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் யாரும் பேசவில்லை என்று மருதன் கேட்கிறார். ஊரைத் தெரிந்தால் பாதி விடை கிடைக்கும். இது நிலக்கரி பூமி. 1959-இல் பிட்ஸ்டன் அருகே ஆற்றுக்கு அடியில் சட்டத்தை மீறித் தோண்டி, சஸ்குவஹானா ஆறு சுரங்கத்துக்குள் பாய்ந்து 12 பேர் செத்தார்கள். நாக்ஸ் சுரங்க விபத்து என்பார்கள். அந்த உடல்கள் கிடைக்கவே இல்லை. விசாரித்தால், தொழிலாளிகளைக் காக்க வேண்டிய தொழிற்சங்கத் தலைவரே அந்த நிறுவனத்தில் ரகசியப் பங்குதாரர். அதே பிட்ஸ்டன் பக்கம்தான் பிறகு பி.ஏ. சைல்ட் கேர் எழுந்தது. சுரங்கம் போனது, வேலையும் போனது. மிச்சம் இருந்த நல்ல வேலை என்றால் பள்ளி, கவுண்டி அலுவலகம், நீதிமன்றம் இவைதான். அதற்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்ற ஊழியர்களில் நிறைய பேர் நீதிபதிகளுக்கு உறவு, அல்லது வேண்டியவர்கள். மத்தியப் புலனாய்வு அங்கே நுழைந்த பிறகு பள்ளி வாரிய உறுப்பினர்கள், ஒரு கவுண்டி ஆணையர் என்று வரிசையாகச் சிக்கினார்கள். தலைமை நீதிபதியை எதிர்த்து வாய் திறந்தால் உங்கள் வேலை மட்டும் போகாது, மச்சான் வேலை, மகள் வேலை எல்லாம் போகும்.

பத்திரிகை என்ன செய்தது என்று கேட்பீர்கள். 2006-இல் உள்ளூர் நாளிதழ் ஒன்றின் மீதான அவதூறு வழக்கை ஜூரி இல்லாமல் தனியாக விசாரித்து 35 லட்சம் டாலர் கட்டச் சொன்னவர் யார் தெரியுமா? சியாவரெல்லா. இவர்கள் குட்டு வெளிப்பட்ட பிறகுதான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2004-இல் பி.ஏ. சைல்ட் கேர் பற்றிய மாநில அரசுத் தணிக்கை ஒன்று வெளியே கசிந்தபோது இல்லத்தார் வழக்குப் போட்டார்கள். அந்தக் கோப்பை யாரும் பார்க்க முடியாதபடி முத்திரை வைத்தவர் கோனஹன்.

யாழினி, ரொறன்ரோ

நான் இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில உதவி ஆசிரியராக வேலை செய்யிறன். எல்லாரும் நீதிமன்றத்தைப் பற்றித்தான் கதைக்கிறியள். அந்தப் பிள்ளையளை நீதிமன்றத்துக்கு அனுப்பினது ஆர்? பள்ளிக்கூடங்கள்தான்.

உதவி அதிபரைப் பகிடி பண்ணின பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்புக்கு வெளியில விட்டிருக்கலாம். தாய் தகப்பனோட கதைச்சிருக்கலாம். அதைச் செய்யாமல் பொலிசிட்டக் குடுத்தவை. சியாவரெல்லா ஒவ்வொரு வருசமும் பள்ளிக்கூடங்களுக்குப் போய், என்ர நீதிமன்றத்துக்கு வந்தால் வீட்ட போகமாட்டியள் எண்டு பிள்ளையளை வெருட்டினவர். அதிபர்மாருக்கு அது பெரிய வசதியாப் போச்சு. குழப்படி செய்யிற பிள்ளை எண்டால் ஒரு ஃபோன் அழைப்போட பள்ளிக்கூடத்தை விட்டுத் துலைஞ்சுது. ஒரு சதம் லஞ்சம் வாங்காமலே இந்த வியாபாரத்துக்குப் பிள்ளை பிடிச்சுக் குடுத்தவை அவையள். அது தங்களுக்கே தெரியாது எண்டுறதுதான் எனக்குக் கூட வலிக்கிற விசயம்.

பாரி அண்ணா, இன்னொண்டும் கேள்விப்பட்டன். அடைச்சு வைச்ச செலவையும் தாய் தகப்பனிட்டயே கேட்டவையாமே? அது உண்மையோ?

மதுரை பாரி

உண்மை தங்கச்சி. பிள்ளையை வைத்திருந்த செலவில் ஒரு பங்கு என்று பெற்றோரிடம் வசூலித்திருக்கிறார்கள், சம்பளத்தில் பிடித்தம் செய்ததும் உண்டு. சியாவரெல்லா விதித்த அபராதத்தைக் கட்ட முடியாத பிள்ளைகளையும் உள்ளே தள்ளினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அபராதம் என்றாலே அடைப்பு என்று ஆகிவிட்டது.

கல்பாக்கம் சுந்தரம்

பாரி எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். மொத்தமாக ரத்து செய்ததற்கு அவர் சொன்ன காரணம் நியாயம், ஏற்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள் என்று ராகவி அம்மா எழுதுகிறார். அப்படியானால் தவறு அந்தக் கவுண்டியின் ஆட்சியில். இல்லம் அரசுடையதாகவே இருந்து, கட்டட ஒப்பந்தக்காரர் கமிஷன் கொடுத்திருந்தால் இதே நீதிபதிகள் வாங்கியிருக்க மாட்டார்களா? லாபம் என்ற ஒன்றையே குற்றவாளி ஆக்கினால் மேற்பார்வை செய்யத் தவறியவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

மருதன்

சுந்தரம் ஐயா, கட்டட ஒப்பந்தத்தில் கமிஷன் என்பது கட்டி முடித்ததோடு தீர்ந்துவிடும். இங்கே கட்டி முடித்த பிறகுதான் தேவை தொடங்கியது. மத்திய அரசின் குற்றச்சாட்டில் ஓர் இடம் இருக்கிறது. பிள்ளையை விட்டுவிடலாம் என்று பரிந்துரைக்க இருந்த நன்னடத்தை அலுவலர்களை நெருக்கி, அடைக்கலாம் என்று மாற்றி எழுத வைத்தார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிற ஆளுக்கு அந்த வேலை எதற்கு? கட்டில் நிரம்ப வேண்டும் என்கிற கவலை கட்டிலை வைத்திருப்பவனுக்குத்தான் வரும்.

மேற்பார்வை பற்றிச் சொன்னீர்களே, அதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்க அங்கே ஒரு நடத்தை வாரியம் இருக்கிறது. 2006-இலேயே கோனஹன் மீது விரிவான மொட்டைக் கடிதம் ஒன்று அந்த வாரியத்துக்குப் போயிருக்கிறது. அப்படியே கிடப்பில் போட்டார்கள். அப்போதே விசாரித்திருந்தால் மைஸ்பேஸ் பெண் உட்பட 2007, 2008 பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்!

அந்தப் பெண்ணின் தாய் அடங்கவில்லை. யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் பிலடெல்பியாவில் இருக்கும் ஜுவனைல் லா சென்டரைப் பிடித்தார். 1975 முதல் பிள்ளைகளுக்காக வாதாடும் அமைப்பு. அவர்கள் இந்த ஒரு பெண்ணோடு நிற்காமல் கவுண்டி முழுக்கத் தோண்டினார்கள். வக்கீல் இல்லாத பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தார்கள். 2008 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 2009 ஜனவரி 8 அன்று, காரணம்கூடச் சொல்லாமல், மனு தள்ளுபடி. ஜனவரி 26 அன்று மத்திய அரசு வழக்கறிஞர்கள் லஞ்ச வழக்கை அறிவித்ததும் பிப்ரவரியில் அதே நீதிமன்றம் அதே மனுவைக் கையில் எடுத்தது!

இதுதான் எனக்கு ஆறாத கோபம். பிள்ளைகளுக்கு வக்கீல் இல்லை என்பது ஏப்ரலிலும் ஜனவரியிலும் ஒரே உண்மைதான். புதிதாக வந்தது பணம் பற்றிய செய்தி. ஆயிரம் பிள்ளைகளின் உரிமை பறிபோனது என்றபோது அசையாதவர்கள், நீதிபதி காசு வாங்கினார் என்றதும் அசைந்தார்கள். காசே வாங்காமல் ஒரு நீதிபதி இதையெல்லாம் செய்திருந்தால்? இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஸ்க்ரான்டன் ராகவி

மருதன் கடைசியாகக் கேட்டதை இங்கே நிறைய பேர் கேட்கிறார்கள்.

தண்டனை விவரத்தையும் சேர்த்துவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். 2009 பிப்ரவரியில் இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 87 மாதச் சிறைக்கு உடன்பாடு செய்தார்கள். செய்ததை மனதார ஏற்கவில்லை என்று சொல்லி எட்வின் கோசிக் என்ற மத்திய நீதிபதி ஜூலையில் அந்த உடன்பாட்டை நிராகரித்தார். அந்த மனிதருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. பிறகு கோனஹன் ஒரு சதிக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 17 ஆண்டு 6 மாதம் பெற்றார். சியாவரெல்லா விசாரணைக்குப் போய் 2011 ஆகஸ்டில் 28 ஆண்டு பெற்றார். பவல் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி கட்டிக்கொண்டு நீதிபதிகளைப் பேசவைத்துப் புலனாய்வுக்கு உதவியவர், அவருக்கு 18 மாதம். மெரிகலுக்கு ஓராண்டு.

திருப்பூர் செந்தில்

கோனஹனை பைடன் மன்னிச்சுட்டாரா? ஏன்? யாரோ சிபாரிசா?

மதுரை பாரி

மன்னிப்பு இல்லை செந்தில், தண்டனைக் குறைப்பு. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது, மிச்ச நாள்களை மட்டும் தள்ளுபடி செய்தார். கொரோனா காலத்தில் வயதானவர்கள், நோயாளிகள் என்று பலரைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றினார்கள். கோனஹன் 2020 ஜூனில் அப்படி வெளியே வந்து ஃபுளோரிடாவில் இருந்தார். வீட்டுக் காவலில் ஒழுங்காக இருந்தவர்களை மொத்தமாக விடுவித்தபோது இவரும் அதில் வந்தார். தனித்தனியாக வழக்கைப் புரட்டிப் பார்த்துக் கொடுத்த மாதிரி தெரியவில்லை. எப்படியும் 2026-இல் முடிய இருந்த தண்டனை.

கல்பாக்கம் சுந்தரம்

பட்டியலாகப் பார்த்தால் அது சரியான கொள்கைதான். நாலு ஆண்டுக்கு மேல் எந்தத் தவறும் செய்யாமல் வீட்டிலிருந்த ஒருவரை மறுபடி உள்ளே தள்ளுவதில் அர்த்தமில்லை. வெறுப்புக்கு உரியவர் என்பதற்காக ஒருவரை மட்டும் பட்டியலிலிருந்து உருவ முடியுமா?

யாழினி, ரொறன்ரோ

உருவத்தான் வேணும் ஐயா. அந்தாளிட்ட வந்த பிள்ளையளை அப்பிடித் தனித்தனியாப் பாத்தவையோ? ஒவ்வொருத்தரையும் ரெண்டு நிமிசத்தில பாத்து அனுப்பினவை. அவருக்கெண்டு வரேக்க மட்டும் ஒரு பொதுக் கணக்கில கருணை. அந்தப் பிள்ளையளில கொஞ்சப் பேர் இப்ப உயிரோட இல்லை. 2011-ல தீர்ப்பு வந்த அண்டைக்கு நீதிமன்றப் படியில நிண்டு ஒரு தாய் சியாவரெல்லாவைப் பாத்துக் கத்தினவா, என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டாய் எண்டு. மகன் அவரிட்ட அகப்பட்டு உள்ள போய், வெளிய வந்தும் தேறேலாமல் தன்ர உயிரை மாய்ச்சவன். அந்தத் தாயிட்ட ஆராவது முதல்ல கேட்டிருக்க வேணும்.

கல்பாக்கம் சுந்தரம்

பாதிக்கப்பட்டவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை அம்மா. அதைக் கேட்காமல் செய்தது பிழைதான்.

திருப்பூர் செந்தில்

நஷ்ட ஈடாவது கிடைச்சுதா?

மதுரை பாரி

பாதி கிடைத்தது. இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நீதிபதி தன் இருக்கையில் அமர்ந்து செய்த காரியத்துக்காக அவர் மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்பது அமெரிக்காவில் ஊறிப்போன விதி. லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்திருந்தாலும் அந்தக் காப்பு உண்டு. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் சட்டம் அதுதான். தீர்ப்புக்குப் பயந்து நீதிபதி நடுங்கக் கூடாது என்று ஏற்படுத்திய பாதுகாப்பு. அதனால் நீதிமன்ற அறையில் சியாவரெல்லா செய்த எதற்கும் அவரிடம் காசு கேட்க முடியவில்லை. வெளியே செய்தவை, அதாவது ஒப்பந்தம், பணப் பேரம், பழைய இல்லத்தை மூடியது, இவற்றை வைத்துத்தான் வழக்கை நகர்த்தினார்கள்.

மெரிகல் தரப்பு 1.775 கோடி டாலர், இல்லத்தின் நிறுவனங்கள் 25 லட்சம், பவல் 47.5 லட்சம் டாலர் கொடுத்து ஒதுங்கினார்கள். நீதிபதிகள் இருவர் மட்டும் மிச்சம். மத்திய நீதிபதி கிறிஸ்டோபர் கானர் முன்னால் அந்தப் பிள்ளைகள் 282 பேரும் பெற்றோர் 32 பேரும் சாட்சி சொன்னார்கள். அடைக்கப்பட்டபோது 13 வயதுகூட ஆகாதவர்கள் அவர்களில் 79 பேர். ஆகச் சிறிய பிள்ளைக்கு வயது 8. 2022 ஆகஸ்டில் கானர் 20.6 கோடி டாலருக்குத் தீர்ப்பு எழுதினார். அந்த இருவரிடமிருந்து அவ்வளவு வசூலாகும் என்று வழக்குப் போட்டவர்களே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அத்தனை பேர் ஒரு நீதிமன்றத்தில் நின்று, யாரும் குறுக்கிடாமல், தமக்கு நடந்ததை முழுதாகச் சொல்லி முடித்தார்கள். ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டார்.

திருப்பூர் செந்தில்

பாரி சார், மருதன் முதல்ல கேட்டதுக்கு இன்னும் முழுப் பதில் வரல. அந்த அறையில உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு என்ன ஆச்சு?

மதுரை பாரி

ஆய்வுக்கு என்று சட்டமன்றம், ஆளுநர், நீதித்துறை மூன்றும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. நீதிபதி ஜான் கிளிலேண்ட் தலைமை. 2010 மே மாதம் அறிக்கை வந்தது. அரசுத் தரப்பு வக்கீல்கள், அரசு செலவில் வாதாடும் வக்கீல்கள், நன்னடத்தை அலுவலர்கள் எல்லோரும் கடமை தவறினார்கள் என்று ஆணையம் சொல்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதற்காக அந்த வக்கீல்களில் யாரும் குற்றக் கூண்டில் ஏறவில்லை. சும்மா இருப்பதைத் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை.

மருதன்

சட்டத்தில் பிரிவு இல்லை, சரி. வக்கீல் தொழிலிலிருந்து கொஞ்ச காலம் விலக்கி வைக்கவாவது வழி இல்லையா?

மதுரை பாரி

வழி உண்டு மருதன். சொந்தக் கட்சிக்காரர் இல்லாத ஒரு பிள்ளைக்காக ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்டு ஒரு வக்கீலின் உரிமத்தில் கை வைப்பதற்கு எந்த வக்கீல் அமைப்புக்கும் மனம் வருவதில்லை. எங்கள் தொழிலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சட்டம் மாறியது. 2012-இல் பென்சில்வேனியா சட்டமன்றம், சிறார் நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் வக்கீல் வைக்க வசதியில்லாதவராகவே கருத வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்பா சம்பளம் என்ன, வீடு இருக்கிறதா என்று விசாரிப்பதெல்லாம் இல்லை. வக்கீல் வேண்டாம் என்று பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போடவும் முடியாது. நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்குச் சங்கிலி மாட்டுவதற்கும் அதே ஆண்டு கட்டுப்பாடு வந்தது.

யாழினி, ரொறன்ரோ

வக்கீல் இருந்தால் மட்டும் போதுமோ அண்ணா? லூசெர்னிலயும் கொஞ்சப் பிள்ளையளுக்கு வக்கீல் இருந்தவைதானே. அவையளும் உள்ள போனவைதானே.

மதுரை பாரி

போனார்கள். ஒரே அறையில் ஒரே நீதிபதியிடம் தினமும் நிற்கிற வக்கீல், இன்றைக்கு ஒரு பிள்ளைக்காகச் சண்டை போட்டால் நாளைக்கு வேறு பத்துப் பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். மேல்முறையீடு செய்தால் மட்டுமே அந்தக் கணக்கு உடையும். லூசெர்னில் மேல்முறையீடு என்பதே அபூர்வம். மூன்று மாதத் தண்டனைக்கு மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் பிள்ளை தண்டனையை முடித்து வெளியே வந்துவிடும். சிறார் மேல்முறையீட்டுக்கு நாள் கெடு வைத்து, வேகமாக முடிக்க வேண்டும் என்பதுதான் நான் முதலில் கேட்பது.

ஸ்க்ரான்டன் ராகவி

அதோடு இன்னொன்றையும் சேருங்கள் பாரி சார். எந்த நீதிபதி எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார், எத்தனை பேர் வக்கீல் இல்லாமல் நிற்கிறார்கள் என்ற எண்களைப் பெயர் போட்டு ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். பத்தில் ஒன்றுக்குப் பதில் நாலில் ஒன்று என்பது 2003-இலேயே மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் யாரோ ஒருவர் மேசையில் தாளாக இருந்திருக்கும். பிள்ளைகளின் பெயரை மறைக்கட்டும், அது நியாயம். நீதிபதியின் எண்ணை எதற்கு மறைக்க வேண்டும்?

கல்பாக்கம் சுந்தரம்

இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன் ராகவி அம்மா. இல்லத்தின் எண்ணையும் சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள், எத்தனை கட்டில், எத்தனை நிரம்பியது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று. அரசு இல்லமானாலும் தனியார் இல்லமானாலும் இரண்டுக்கும் ஒரே படிவம்.